யாரு மேடம் இந்தம்மா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு லோன் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். மரியாதையான பிள்ளை. வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், இதே ஏரியாவில் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கிவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் முடிவெடுத்திருந்தோம். கடனுக்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றார், வாட்ஸாப்பில் அனுப்பினேன். அதைத் திறக்கிற பாஸ்வேர்டு கேட்டார், அதையும் அனுப்பினேன். எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, பச்சை ஹைலைட்டரோடு வந்திருந்தார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினார். சம்பளத்துக்கு ஒரு கோடு. ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு கோடு. அப்புறம் ஹைலைட்டர் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"மேடம், மாசாமாசம் அஞ்சாந்தேதி ரெண்டாயிரம் போகுது. ஒரே பேருக்கு. யாரு மேடம் இந்தம்மா?"

"அத்தை" என்றேன்.

சோபாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார். "எனக்கா?"

மாமியாரையும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். "இல்லத்தை, ஊர்ல இருக்கிற அத்தை. அப்பாவோட அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஏஜென்ட் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

"கைமாத்து, வட்டிக் கணக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க மேடம். பேங்க்ல கேப்பாங்க. பிப்ரவரில 'அத்தை கண் மருந்து'ன்னு வேற போட்டிருக்கு."

அது நானே இங்கிலீஷ் எழுத்தில் தட்டியது. ஜிபேயில் பணம் அனுப்பும்போது கீழே ஒரு சின்னக் கட்டம் வருமே, அதில். அத்தைக்கும் எனக்கும் நடுவில் என்று நினைத்துத் தட்டிய மூன்று வார்த்தை, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அச்சாகி, முன்பின் தெரியாத ஒரு பையன் வாயால் என் வீட்டுக் கூடத்தில் வாசிக்கப்பட்டது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் காது மடல் சூடாகிவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்ததையும், அதற்கப்புறம் நாலு வாரம் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். அத்தையின் ஊரும் பேரும் இதில் இருக்காது. எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரு வேணாம், மூஞ்சி வேணாம், மத்ததெல்லாம் எழுது" என்றார். டெல்டாவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு டின்

2015 டிசம்பர் முதல் வாரம் இந்த ஏரியாவில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அடையாறு கரை தாண்டி தெருவுக்குள் வந்தது. நாங்கள் அப்போது தரைத்தளத்தில் குடியிருந்தோம். கட்டில், பீரோ, பாப்பாவின் ஸ்கூல் புத்தகம் எல்லாம் சேற்றுக்குள். ஏடிஎம் இல்லை, சிக்னல் இல்லை, கரண்ட் இல்லை.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்து, ஒரு மஞ்சப்பையில் முறுக்கு டின் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அத்தை போன் பண்ணினார். மழை விட்டுதா, பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லையே என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கிற நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார்: "டின்னு அடியில பேப்பர் போட்டிருக்கேன் கண்ணு. நமுத்துப் போயிருக்கும். அத நீயே மாத்திப் போடு."

'நீயே' என்பதில் ஓர் அழுத்தம். முறுக்கைக் கொட்டிவிட்டுப் பேப்பரைத் தூக்கினேன். பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டு.

அத்தையின் சிறுவாடு அது. இந்த வார்த்தையை என் பொண்ணுக்கு விளக்க வேண்டியிருந்தது, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, பால் காசு, முட்டைக் காசு சேர்த்து, அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் ஒளித்து வைக்கிற காசு. புருஷனுக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு என்று தெரியாது. எங்கே என்று கேட்க மாட்டார். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிற அந்த நாகரிகத்தில்தான் சிறுவாடு உயிர் வாழ்ந்தது.

அடுத்த வருஷமே அதற்கு அடி விழுந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ அரிசிப் பானைகள் அந்த வாரம் கவிழ்ந்தன. பேங்க் வரிசையில் நிற்க முடியாத அத்தை, இருந்ததையெல்லாம் எடுத்து மகனிடம் கொடுத்தார். அத்தான் நல்லவர்தான். வாங்கி, எண்ணி, கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது சிரித்தார்: "அம்மா பெரிய பணக்காரியா இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் எழுந்து அடுப்படிக்குள் போனாராம்.

அதற்கப்புறம்தான் நான் மாதம் ரெண்டாயிரம் அனுப்ப ஆரம்பித்தேன். அத்தைக்குச் சாப்பாட்டுக்கோ துணிமணிக்கோ குறை கிடையாது. கோயில் தட்டில் போட, பேத்திக்கு வளையல் வாங்க, யாரிடமும் கை நீட்டாமல் இருக்க அவருக்கென்று கொஞ்சம் காசு வேண்டும். அது யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேரவேண்டும். ஆக, என் தேவை ஒன்றே ஒன்று: இந்த டிஜிட்டல் காலத்தில் ஒரு முறுக்கு டின்.

யார் யார் கண்ணில் படுகிறது?

ஜிபேயிலோ போன்பேயிலோ பணம் தட்டிவிடுகிறோம், இரண்டு செகண்டில் போய்விடுகிறது. நடுவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நம் போனில் இருக்கிற ஆப், அந்த ஆப்புக்குப் பின்னால் நிற்கிற பேங்க், நம்முடைய பேங்க், வாங்குகிறவருடைய பேங்க், எல்லாவற்றுக்கும் நடுவில் ஸ்விட்ச் மாதிரி இருக்கிற என்பிசிஐ என்கிற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். யுபிஐ என்ற இந்த ஏற்பாடு 2016 ஏப்ரலில் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது. அதில் பத்துக்கு எட்டுக்கு மேல் போன்பே, ஜிபே என்ற இரண்டு ஆப் வழியாகவே போகிறது. அதாவது யார் யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கில் பெரும்பகுதி இரண்டு கம்பெனியின் கையில்.

இந்தக் கண்களை நான் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்: வீட்டுக் கண், கம்பெனிக் கண், சர்க்கார் கண்.

சர்க்கார் கண்ணிலிருந்து நான் மறைக்க நினைப்பது ஒன்றும் இல்லை. வருமான வரி கட்டுகிறவள், கட்டிய வரியில் ஒளிக்க என்ன இருக்கிறது? கம்பெனிக் கண் கொஞ்சம் கூசுகிறது. ஆனால் சுருக்கென்று தைப்பது வீட்டுக் கண்தான். அந்தப் பச்சை ஹைலைட்டர், மாமியாரின் ரிமோட், அத்தானின் சிரிப்பு. பிரைவசி என்றால் பெரிய பெரிய கம்பெனிகளைப் பற்றிய பேச்சு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். வாங்குகிறவருடைய மானம் முதலில் போவது கூடத்தில்தான்.

இதெல்லாம் செல்போன் காலத்துக் கோளாறு என்றும் சொல்ல முடியாது. 1880-லிருந்து இந்த நாட்டில் மணியார்டர் இருந்தது. போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து, தெருவே பார்க்க நோட்டை எண்ணிக் கொடுப்பார். ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத ஓர் இடம் இருக்கும், அதையும் படிக்கத் தெரியாத வீட்டில் அவரே வாசித்துக் காட்டுவார். யார் வீட்டுப் பிள்ளை பம்பாயிலிருந்து எவ்வளவு அனுப்பினான் என்பது ஊருக்கே தெரிந்த சேதி. ஆனால் தெரிந்தது அந்தத் தெருவோடு நின்றது. ஆறு மாதம் கழித்து ஒருவர் அதை பிரின்ட் எடுத்துக் கோடு போடவில்லை.

தெரிந்தே ஆகவேண்டிய பணமும் நம்மிடம் உண்டு. மொய். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும்போது நோட்டுப் போட்டு எழுதுவார்கள், மைக்கில் சொல்வார்கள். அங்கே வெளிச்சம்தான் நியாயம். நாளைக்குத் திருப்பிச் செய்யவேண்டிய கடன் அது, எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் கணக்கு நிற்கும். சிறுவாடும் மொய்யும் ஒரே ஊரில், ஒரே வீட்டில், சண்டை போடாமல் இருந்தன. எதை மைக்கில் சொல்ல வேண்டும், எதை டின்னுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று கொடுக்கிறவர்தான் முடிவு செய்தார்.

அமெரிக்காக்காரர்கள் இதைக் குழப்பிக்கொண்டார்கள். வென்மோ என்று அங்கே ஓர் ஆப். நண்பர்களுக்குப் பணம் அனுப்பினால், யார் யாருக்கு எதற்கு அனுப்பினார்கள் என்பதை உலகமே பார்க்கிற மாதிரிதான் அதன் இயல்பான அமைப்பு இருந்தது. வேண்டாம் என்றால் நாமே போய் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாப் பணத்தையும் மொய் நோட்டில் எழுதின கதை. 2018-ல் ஹாங் டோ டி டுக் என்ற ஆய்வாளர், பொதுவெளியில் கிடந்த 20 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளை எடுத்து, அவற்றிலிருந்தே சிலருடைய அன்றாட வாழ்க்கையைக் கோத்துக் காட்டினார். 2021-ல் பஸ்ஃபீட் செய்தியாளர்கள் அதிபர் ஜோ பைடனின் வென்மோ கணக்கையே பத்து நிமிஷத்துக்குள் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம்தான் முன்பின் தெரியாதவர் பார்க்கிற அந்தப் பொதுப் பட்டியலை எடுத்தார்கள்.

நம் யுபிஐயில் அப்படிப் பொதுப் பட்டியல் கிடையாது. அந்தக் குறையை நாம் ஸ்கிரீன்ஷாட் போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம். "அனுப்பிட்டேன்" என்று சொன்னால் போதாது, பச்சை டிக் போட்ட படம் வேண்டும். அதில் இரண்டு பேருடைய பெயர், யுபிஐ ஐடி, அக்கவுன்ட்டின் கடைசி நாலு நம்பர், நேரம் எல்லாம் இருக்கும். நான் ஒருமுறை சிநேகிதிக்குப் பிரசவச் செலவுக்கு அனுப்பிய படத்தை, விரல் தவறி அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிட்டேன். ஏழு பேர் பார்த்துவிட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

போட்டுப் பார்த்த வழிகள்

முதலில், இருக்கிற யுபிஐயையே ஒழுங்காக வைத்துக்கொள்வது. குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட முடியாது என்று ஆப் அடம்பிடித்தால் ஒரு புள்ளி. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லிக்கொள்ளலாம். அடுத்து ஐடி. பல ஆப்களில் நம் செல் நம்பரே ஐடியாக உட்கார்ந்திருக்கும். காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், ஒருநாள் பார்த்த டெய்லர் எல்லாருக்கும் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பெண்களுக்கு அது எவ்வளவு தொல்லை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆப்பில் செட்டிங்ஸுக்குள் போனால் நம்பர் இல்லாத இன்னொரு ஐடி போட்டுக்கொள்ளலாம், பத்து நிமிஷ வேலை. பெயரை மட்டும் ஒளிக்க முடியாது. 2025 ஜூன் கடைசியிலிருந்து, பணம் அனுப்புகிறவருக்கு பேங்கில் பதிவாகியிருக்கிற பெயரைத்தான் காட்டவேண்டும் என்று விதி. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வந்த விதி, நல்லதுதான். ஆனால் நம் நம்பர் தெரிந்த யாரும் அதை ஆப்பில் தட்டி, சர்டிஃபிகேட்டில் இருக்கிற முழுப்பெயரைப் பார்த்துவிடலாம் என்பதும் அதே விதிதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. ஜிபே 2017 செப்டம்பரில் 'தேஸ்' என்ற பெயரில் வந்தபோது, பக்கத்தில் இருக்கிறவருக்கு நம்பரோ அக்கவுன்ட் விவரமோ சொல்லாமல், இரண்டு போனும் ஒலி அலையில் பேசிக்கொண்டு பணம் மாற்றுகிற வசதி ஒன்று இருந்தது. கையில் காசு கொடுக்கிற மாதிரி என்றார்கள். நான் இரண்டு முறை உபயோகித்திருப்பேன். நல்ல யோசனை. நிலைக்கவில்லை.

இரண்டாவது, யுபிஐ லைட். இதை இத்தனை நாள் டீக்கடைச் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். பேங்கிலிருந்து ஒரு தொகையை ஆப்புக்குள்ளேயே சின்னப் பர்ஸ் மாதிரி ஒன்றில் போட்டு வைத்துக்கொள்கிறோம். 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை கொடுக்கலாம், பின் நம்பர் தேவையில்லை. விசேஷம் என்னவென்றால், ஒவ்வொரு செலவும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வராது. பர்ஸில் பணம் போட்ட ஒரே வரி மட்டும்தான் வரும். பேங்குக்கும் என்பிசிஐக்கும் கணக்கு தெரியும், ஆப்பிலும் இருக்கும். ஆனால் லோன் ஏஜென்ட்டின் ஹைலைட்டருக்கு எட்டாது. சிநேகிதிக்கு ஐந்நூறு, தம்பிக்கு எண்ணூறு என்று இப்போதெல்லாம் இதில்தான் போகிறது. ஒன்று மட்டும் கவனம்: பின் நம்பர் கேட்காது என்பதால் போன் லாக் ஒழுங்காக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தனி அக்கவுன்ட். இது எங்கள் ஆபீஸில் வரவு செலவு பார்க்கிற நான் என்றைக்கோ செய்திருக்க வேண்டியது. குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஓர் அக்கவுன்ட்டைத் திறந்து, சம்பளம் வந்ததும் ஒரு தொகையை அதற்கு மாற்றிவிடுகிறேன். உறவுக்கும் நட்புக்கும் போவதெல்லாம் அங்கிருந்து. சம்பள அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட்டில் என் பெயருக்கு நானே அனுப்பிய ஒரு வரி மட்டும். பேங்க் இரண்டாவது அக்கவுன்ட்டையும் கேட்டால் கொடுப்பேன், பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் விசாவுக்கும் வாடகைக்கும் கடனுக்கும் எல்லாருக்கும் எல்லாவற்றையும் விரித்துப் போட வேண்டிய அவசியம் இல்லை.

நான்காவது, இ-ரூபாய். ரிசர்வ் பேங்க் 2022 டிசம்பர் 1-ஆம் தேதி சில்லறை உபயோகத்துக்குச் சோதனையாக விட்ட டிஜிட்டல் நோட்டு. முதலில் விட்ட நாலு ஊரில் சென்னை இல்லை. பேங்க் ஆப்பில் வாலட் திறந்து, டிஜிட்டல் ரூபாயை ஏற்றிக்கொண்டு, இன்னொருவர் வாலட்டுக்குத் தருவது. அதே வருஷம் அக்டோபரில் ரிசர்வ் பேங்க் வெளியிட்ட கருத்துக் குறிப்பில், சின்னத் தொகைக்கு ரொக்கத்தைப் போன்ற அடையாள மறைப்பு இருக்கலாம் என்று பேசியிருந்தார்கள். படித்ததும் எனக்கு முறுக்கு டின் ஞாபகம்தான் வந்தது. ஆனால் வாங்குகிறவரிடமும் அந்த வாலட் இருக்க வேண்டும். அத்தையிடம் இருப்பது பட்டன் போன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஐந்தாவது, ரொக்கம். எதிலும் பதிவாகாத பழைய நண்பன். கையில் கொடுக்க முடிந்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் நான் ஊருக்குப் போவது வருஷத்துக்கு இரண்டு தடவை. கிண்டி எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற வடக்கத்திப் பிள்ளைகள் ரொக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து ஊருக்கு அனுப்புகிற மனி டிரான்ஸ்ஃபர் கடைகள் இந்தப் பக்கம் உண்டு. ஒன்றில் போய் நின்றேன். கவுன்ட்டரில் ஒரு கோடு போட்ட நோட்டு திறந்து கிடந்தது. எனக்கு முன்னால் வந்தவருடைய பெயர், போன் நம்பர், அக்கவுன்ட் நம்பர், தொகை, எல்லாம் பால்பாயின்ட் பேனாவில். தலைகீழாகவே படித்துவிட்டேன். 2024 நவம்பரிலிருந்து ரொக்கம் கட்டுகிறவருடைய செல் நம்பரையும் அடையாள ஆவணத்தையும் சரிபார்த்தே ஆகவேண்டும் என்று விதி வேறு. சட்டம் கேட்பது நியாயம்தான். நோட்டைத் திறந்து போட்டது கடைக்காரர். திரும்பி வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று ஒதுக்கியவை இரண்டு. ஒன்று உண்டியல். நம்மூரில் ஹவாலா என்கிறோம், இலங்கைத் தமிழர் பேச்சில் உண்டியல். அந்தக் காலத்தில் செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் எழுதிய உண்டியல் ஒழுங்கான கடன் சீட்டு, வியாபாரத்தின் முதுகெலும்பு. இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து அந்தப் பெயரில் வருகிற பணம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஏமாந்தால் புகார் கொடுக்கக்கூட வழியில்லை. இரண்டாவது பிட்காயின். ஆபீஸில் ஒரு தம்பி, "அக்கா, அதுதான் யாருக்கும் தெரியாம போகும்" என்றான். உண்மையில் பிட்காயின் கணக்கு உலகமே பார்க்கிற, அழிக்க முடியாத நோட்டு. பெயருக்குப் பதில் நம்பர் இருக்கும், அவ்வளவுதான். அந்த நம்பர் யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பழசெல்லாம் சேர்ந்து வெளிச்சத்துக்கு வரும். அதோடு லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்கிற ஒவ்வொரு தடவையும் 1 சதவீதப் பிடித்தம். ரெண்டாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு கூத்தா?

சட்டத்துக்கு நான் யாரோ

வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. உறவினரிடமிருந்து வருகிற அன்பளிப்புக்கு வரி கிடையாது. மற்றவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், வந்தது முழுக்க வருமானமாகச் சேரும். சரி, உறவினர் என்றால் யார்? அதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. வாங்குகிறவருடைய பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் இல்லை.

அதாவது அத்தை எனக்குக் கொடுத்தால் அது உறவு. நான் அத்தைக்குக் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் நான் யாரோ. வருஷத்துக்கு 24,000 தானே, வரம்புக்குள் இருக்கிறது, பிரச்சினை இல்லை. இருந்தாலும் இதை அத்தையிடம் சொன்னேன். "சட்டம் எழுதுனவனுக்கு அத்தை இல்ல போல" என்றார்.

சட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டே அது கொடுத்ததை மறக்கக்கூடாது. புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, எண்பது வயதைத் தாண்டிய மனிதர், தொடுத்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அது வரும்போது வரட்டும். அத்தானின் போனுக்கு எந்தச் சட்டம் வரும்?

அந்தப் பக்கத்துப் போன்

அங்கேதான் உண்மையான ஓட்டை இருந்தது. இத்தனை ஆராய்ச்சி செய்துவிட்டு, கடைசியில் அத்தையிடம் கேட்டேன்: "பணம் வந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"அவன் போன்ல சத்தம் வரும். அம்மா, ஒன் மருமவ அனுப்பிட்டான்னு சொல்லுவான்."

அத்தையின் பேங்க் அக்கவுன்ட்டில் இருப்பது அத்தானின் செல் நம்பர். அக்கவுன்ட் திறந்த அன்றைக்கு வசதிக்காகக் கொடுத்தது. எத்தனை வருஷமாக நான் ரகசியமாக அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருந்தேனோ, அத்தனை வருஷமாக ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் முதல் ஆளாகத் தெரிந்துகொண்டது அத்தான்தான். எடுத்துவரச் சொன்னால் அவர்தான் எடுத்து வருகிறார். "இந்த மாசம் அதுல ஐந்நூறு உரத்துக்கு எடுத்துக்கிட்டேம்மா" என்பாராம். பறிக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார். ஆனால் சொல்லிவிட்டு எடுத்தால் அது சிறுவாடா?

"ஏன் அத்தை இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

"நீ ஆசையா அனுப்புற. அதக் கெடுப்பானேன்."

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பணம் அனுப்புகிற யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த அக்கவுன்ட்டில் யாருடைய நம்பர் இருக்கிறது? பாஸ்புக்கைப் பதிந்து வருவது யார்? ஏடிஎம் கார்டு யார் பர்ஸில்? இது தெரியாமல் எந்த ஆப் பாதுகாப்பு என்று பேசுவது, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரை வாங்குகிற கதை.

வழியைக் கண்டுபிடித்தது அத்தைதான். பென்ஷன் வாங்குகிற பக்கத்து வீட்டுப் பாட்டியோடு போஸ்ட் ஆபீசுக்குப் போனார். 500 ரூபாய் கட்டி ஒரு சேமிப்புக் கணக்கு திறந்தார். தன் பட்டன் போன் நம்பரைத் தானே சொன்னார். போஸ்ட் ஆபீஸ் கணக்குக்கு 2022 மே மாதத்திலிருந்து எந்த பேங்கிலிருந்தும் நெஃப்ட் அனுப்பலாம். நாடு முழுக்க எல்லா போஸ்ட் ஆபீசுக்கும் ஒரே ஐஎஃப்எஸ்சி கோடு. இதில் எனக்கொரு சந்தோஷம்: மற்ற பேங்க் என்றால் கோடைப் பார்த்தே எந்த ஊர், எந்தக் கிளை என்று சொல்லிவிடலாம். இதில் அத்தை எந்த ஊர் என்று என் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. மெசேஜ் அவர் போனுக்கே வருகிறது. எடுக்க வேண்டும் என்றால் கோயிலுக்குப் போகிற வழியில் போஸ்ட் ஆபீஸ், ஒரு சீட்டு, ஒரு கையெழுத்து. பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அரிசிப் பானையாகத்தான் இருக்கும்.

அத்தானை நினைத்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. பழைய அக்கவுன்ட்டுக்கு மாதம் ஐந்நூறு இன்னும் அனுப்புகிறேன், அந்தச் சத்தம் நிற்கக்கூடாதே என்று. தெரிய வேண்டியது தெரியட்டும். மிச்சம் டின்னுக்கு அடியில்.

வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது. ஏஜென்ட் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். என் ஸ்டேட்மென்ட் பிரின்ட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே நாலாகக் கிழித்தேன். அவர் வாட்ஸாப்பில் இன்னும் இருக்கும், தெரியும்.

மெசேஜ் இங்கிலீஷில் வருவதால் அத்தையால் படிக்க முடியாது. அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். இந்த மாதம் ஐந்தாம் தேதி, அனல் அடிக்கிற மத்தியானம், போன் வந்தது. பின்னால் அத்தானின் குரலும் குக்கர் விசிலும் கேட்டது.

"இங்க ரெண்டு தூத்தல் போட்டுது கண்ணு" என்றார் அத்தை.

"நல்ல மழையா அத்தை?"

"போதும் போதும். நனஞ்சுது."